ஐலசாவை எந்த கீயில் வைப்பது?

கீபோர்டு கேள்வி பதில்

ஆடி நெருங்கிவிட்டது என்று எனக்குச் சொல்வது காலண்டர் இல்லை, தபால்தான். முளைக்கொட்டு, தேர், திருவிழா என்று மண்டபத்தில் இருந்து சாயல்குடி வரை மேடை போட ஆரம்பித்துவிடுவார்கள். கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளுக்கு அப்போதுதான் சந்தேகமெல்லாம் வரும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் குரல் சாம்பிள் பற்றிய கேள்விகள், அதாவது நிஜக் குரலைப் பதிந்து கீபோர்டில் ஏற்றி வாசிப்பது. அதனால் கார்டு, ஸ்டாண்டு, விலை விசாரிப்பு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

என் பெரியப்பாவுக்கு 71 வயது. தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுத்தவர். அவர் அம்பா (வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு) பாடினால் கரையில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அவர் 'ஏலேலோ', 'ஐலசா' சொல்வதை போனில் பதிந்து என் 61 கீ கீபோர்டில் பென்டிரைவ் வழியாக ஏற்றினேன். வாசித்தால் தாளத்தோடு ஒட்டவில்லை. எப்போதும் ஒரு இழை பின்னால் வருகிறது. முடிகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு. பெரியப்பா கேட்டுவிட்டு 'இது நான் இல்லடா' என்கிறார். எங்கே தப்பு?
— பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, பெரியப்பா சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவரை எப்படிப் பாடச் சொன்னீர்கள்? நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே போனை நீட்டி, 'பாடுங்க பெரியப்பா' என்றுதானே?

நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். மூக்கையூரில் ஒரு பெரியவரைப் பிடித்து, பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து, காப்பி கொடுத்துப் பாடச் சொன்னேன். இனிமையாகத்தான் பாடினார். தாலாட்டுப் போல இருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது: அம்பா உட்கார்ந்து பாடுகிற பாட்டே இல்லை. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்லும்போது கயிறு நகர வேண்டும். 'ஐலசா'வின் 'ஐ'யில் விழுகிற அழுத்தம் தொண்டையில் இருந்து வருவதில்லை, இடுப்பில் இருந்து வருகிறது. மறுவாரம் போய், வலைக்கொட்டகைத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டி அவர் கையில் கொடுத்து, 'இழுத்துக்கிட்டே பாடுங்கய்யா' என்றேன். இரண்டாவது அடியிலேயே ஆள் மாறிவிட்டார். பாட்டு முடிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சையும் சேர்த்தே பதிந்து வைத்தேன், இன்னும் இருக்கிறது.

வலைக்கொட்டகையைச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. கடற்கரையில் பதியாதீர்கள், அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கூடவே கூடாது. போன் மைக்கில் காற்று பட்டால் வருகிற 'தட தட' சத்தத்தை எந்த ஆப்பாலும் முழுசாக எடுக்க முடியாது. வெறும் சுவர் உள்ள அறை என்றால் எதிரொலிக்கும். குவித்துக் கிடக்கிற வலை இருக்கிறதே, அது பெரிய ஸ்டூடியோக்களில் ஒட்டுகிற பஞ்சுப் பலகைக்குச் சமம். எதிரொலியை அப்படியே குடித்துவிடும். மீன் வாடையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போனை வாயில் இருந்து இரண்டு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். முக்கியமாக, பதிந்ததை வாட்ஸாப்பில் குரல் செய்தியாக உங்களுக்கே அனுப்பி எடுக்காதீர்கள். அதில் சுருங்கிப்போன குரலை மறுபடி விரிக்க முடியாது. 'வேவ்' கோப்பாகவே பதியும் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம்தான் வரும். உங்களுக்கு வேண்டியதோ மூன்று விநாடி.

சரி, பின்னால் வருகிற விஷயம். பதிவை ஒலி எடிட்டர் ஆப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். 'ஐ' தொடங்குமுன் ஒரு துண்டு வெறுமையாகக் கிடக்கும். பத்தில் ஒரு பங்கு விநாடிதான், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கீயை அழுத்தினால் கீபோர்டு அந்த வெறுமையையும் விசுவாசமாக வாசித்துவிட்டுத்தான் பெரியப்பாவுக்கு வரும். தாளம் தட்டுகிறவன் காதுக்கு அது பட்டென்று தெரியும். சிலர் கையை முன்கூட்டி அழுத்திப் பழகிச் சமாளிக்கிறார்கள். வேண்டாம், அந்தப் பழக்கம் மற்ற பாட்டுகளையும் கெடுக்கும். வெறுமையை வெட்டி எறியுங்கள்.

ஆனால் வெட்டுகிற கத்தி மூச்சையும் சேர்த்து வெட்டிவிடும். பாடுகிறவர் இழுக்கிற அந்தச் சின்ன மூச்சு போனால், குரல் ஆளில்லாத வீட்டில் கதவு திறந்த மாதிரி இருக்கும். 'இது நான் இல்லடா' என்பதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். நான் செய்வது இது: ஒரே சொல்லை இரண்டாக வைத்துக்கொள்வேன். மூச்சோடு சேர்ந்தது ஒரு கீயில். சுத்தமாக வெட்டியது அடுத்த கீயில். பாட்டு ஆரம்பிக்கும்போது, முன்னால் வேறு வாத்தியம் இல்லாத இடத்தில், மூச்சுள்ளதை அழுத்துவேன். தாளம் ஓட ஆரம்பித்ததும் வெட்டியதுக்கு வந்துவிடுவேன்.

'டிக்' சத்தம் சின்ன விஷயம். ஒலியலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்போது நடுக்கோட்டில் இல்லாத இடத்தில் வெட்டினால் ஸ்பீக்கர் சட்டென்று குதிக்கும், அதுதான் அது. அலை நடுக்கோட்டைத் தொடுகிற இடத்தில் வெட்டுங்கள். கடைசியில் நூறில் ஒரு பங்கு விநாடிக்குக் குரலைத் தேய்த்து இறக்குங்கள். போய்விடும்.

தாளம் ஒட்டாததற்கு இன்னொரு காரணம், நீங்கள் ரிதத்தை உங்கள் இஷ்டத்துக்கு வைத்திருப்பீர்கள். பெரியப்பாவின் ஓர் அடி நான்கு தட்டுக்கு 2.7 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். நான்கு தட்டை அறுபது விநாடியால் பெருக்கினால் 240. அதை 2.7ஆல் வகுத்தால் 89 வரும். நிமிடத்துக்கு அத்தனை தட்டு, அதுதான் உங்கள் டெம்போ. இப்போது வருகிற சாப்ட்வேரில் குரலை இழுத்தும் சுருக்கியும் 100க்குக் கொண்டுவரலாம், சுருதியும் மாறாது. நான் செய்ய மாட்டேன். மெஷின்தான் மனுஷனுக்கு இறங்கி வர வேண்டும். இன்னொன்று, கரைவலையில் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரையை நெருங்க நெருங்க இழுப்பும் பாட்டும் வேகம் பிடிக்கும். ஆகவே ஆரம்பத்தில் பாடியதையும் வேகம் பிடித்தபின் பாடியதையும் தனித்தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒரே துண்டை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் ஏற்றினால் வேகம் வரும், அவசரம் வராது.

அப்புறம் சுருதி. கடற்காரர்கள் சுருதிப் பெட்டி வைத்துக்கொண்டு பாடுவதில்லை. பெரியப்பா 2 கட்டைக்கும் 2½க்கும் நடுவில், அதாவது அடுத்தடுத்த இரண்டு கீக்கு நடுவில், எங்கேயோ நிற்பார். மொத்தக் கீபோர்டின் டியூனிங்கையும் அவருக்காக நகர்த்தினால் பக்கத்தில் நாதஸ்வரக்காரர் முறைப்பார். சாம்பிளை மட்டும் நகர்த்துங்கள். ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் இடையில் நூறு பங்கு, சென்ட் என்பார்கள். முப்பது நாற்பது சென்ட் நகர்த்தினால் குரலின் குணம் கெடாது.

ஏற்றும்போது 'ஒன் ஷாட்' முறையில் வையுங்கள். தொட்டுவிட்டுக் கையை எடுத்தாலும் சொல் முழுசாக வரும். ஆனால் அதே கீயை மறுபடி தொட்டால் பழையதை நிறுத்தும்படியும் அமையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெரியப்பாக்கள் ஒரே நேரத்தில் பாடுவார்கள். இடக்கைப் பக்கம் கடைசி ஆறேழு கீக்களை இதற்கு ஒதுக்குங்கள். எந்த கீயில் எது என்று மேடை இருட்டில் தெரியாது. நான் வீட்டில் கேட்டு வாங்கி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். சிவப்பு என்றால் அடி எடுப்பவர், பச்சை என்றால் பதில். என் வீட்டுக்காரம்மா இன்னும் கணக்குக் கேட்கிறார்.

கச்சேரியில் அது யார் குரல் என்று மைக்கில் சொல்லுங்கள். கிடைக்கிற பணத்தில் ஒரு பங்கு அவர் கையில் கொடுங்கள். வாங்க மாட்டேன் என்பார். பெரியம்மாவிடம் கொடுங்கள்.

தங்கை பாடிய ஹம்மிங்கை ஏற்றியிருக்கிறேன். பாடிய கீயில் அருமையாக இருக்கிறது. மேலே போகப் போகச் சுண்டெலி மாதிரி ஆகிவிடுகிறது, கீழே வந்தால் பூதம். வாங்கும்போது கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லையே?
— கீழக்கரை வாசகி

கடைக்காரர் பாவம். இது உங்கள் கீபோர்டின் குறை இல்லை, சாம்பிள் என்பதன் சுபாவம். மேலே ஒரு கீ தள்ளி அழுத்தினால், பதிவை நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓட்டித்தான் சுருதியை ஏற்றுகிறது. பன்னிரண்டு கீ தள்ளினால் இரண்டு மடங்கு. ஏழு கீ தள்ளினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூன்று விநாடி ஹம்மிங் இரண்டே விநாடியில் முடிந்துவிடும். அதனால்தான் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் ஒரு தங்கை முன்னாலும் ஒரு தங்கை பின்னாலும் போகிறார்கள்.

சுண்டெலி ஏன் வருகிறது? நிஜத் தங்கை மேல் ஸ்தாயியில் பாடும்போது குரல்நாண் வேகமாக அதிரும், வாயும் தொண்டைக் குழியும் சுருங்கிப் பாதியாகிவிடுவதில்லை. அந்தக் குழியில் எதிரொலித்து வருகிற கார்வைதான் 'இது இன்னார் குரல்' என்று நமக்குக் காட்டுவது. வேகமாக ஓட்டும்போது அந்தக் கார்வையும் சேர்ந்து மேலே ஏறிவிடுகிறது. காது உடனே 'ஓஹோ, சின்னத் தலை, சின்ன வாய்' என்று கணக்குப் போட்டுவிடும்.

எனக்கு இது முதலில் தெரிந்தது ஒரு குட்டிக் கேசியோவில். எஸ்கே-1 என்று 1980களின் நடுவில் வந்தது. 32 சின்னக் கீ, மேலேயே ஒரு மைக். 1.4 விநாடிதான் பதியும். வெளிநாட்டில் கடை வைத்திருந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். என் அம்மா அடுப்படியில் இருந்து 'சாப்பிட வாடா' என்று கூப்பிட்டதைப் பதிந்து மேலும் கீழும் வாசித்துத் தெருவையே கூட்டினேன். 1.4 விநாடிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பேட்டரி தீர்கிறது என்று தெரிந்தும் மாற்றாமல் விட்டேன். ஒரு ராத்திரியில் அது போய்விட்டது. என் சோம்பல்தான். இன்று ஏற்றுகிற எதையும் இரண்டு பென்டிரைவில் வைத்துக்கொள்வது அதற்கப்புறம் வந்த புத்தி.

உங்களுக்கு வழி: தங்கையை மூன்று கீக்கு ஒரு முறை பாட வையுங்கள். ஒரு ஸ்தாயிக்கு நான்கு பதிவு. ஒவ்வொன்றையும் அதன் சொந்த கீயிலும், மேலே ஒன்று கீழே ஒன்றிலும் மட்டும் பரப்புங்கள். ஆறு சதவீதத்துக்கு மேல் எதுவும் நகராது. சுண்டெலி எட்டிப் பார்க்காது. 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெலோட்ரான் என்று ஒரு பெட்டி செய்தார்கள். அதில் ஒவ்வொரு கீக்கும் ஒரு தனி ஒலிநாடா; குரலோ புல்லாங்குழலோ அந்தந்த சுருதியிலேயே பதிந்தது. எட்டு விநாடியில் நாடா தீரும், கையை எடுத்தால் திரும்ப இழுத்துக்கொள்ளும். எவ்வளவு பெரிய பெட்டி! ஆனால் அதில் சுண்டெலி கிடையாது. பிறகு 1979இல் சிட்னியில் ஃபேர்லைட் என்ற கீபோர்டு வந்து, பதிவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய், ஒன்றையே எல்லாக் கீயிலும் ஓடவிட்டது. வசதியும் சுண்டெலியும் சேர்ந்தே வந்தன.

ஹம்மிங்கில் ராகம் இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. மோகனத்தில் 'ஸ ரி க' என்று பாடியதை 1 கட்டை ஸட்ஜத்தில் வைத்திருக்கிறீர்கள். அதே துண்டைப் பஞ்சமத்தில் அழுத்தினால் 'ப த நி' வரும். மோகனத்தில் ஏது நிஷாதம்? அதனால் ராகத் துண்டுகளை அதன் இடத்திலேயே வாசியுங்கள். வெறும் 'ஆ'காரத்தை மட்டும் நகர்த்துங்கள்.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் பெண் பிள்ளைகள் எல்லாரும் மேல்படிப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள். மீதி மூன்று பேர். கீபோர்டில் உள்ள கோரஸ் குரல்களையே வைத்து ஒப்பேற்றலாமா?
— தங்கச்சிமடத்திலிருந்து ஓர் உபதேசியார்

ஐயா, 'ஆ', 'ஊ' என்று அடியில் மெதுவாகப் போகிற டோன் என்றால் தாராளமாக வையுங்கள். வார்த்தையோடு வருகிற துண்டுகள் வேண்டாம். பெட்டியோடு வருபவை நம் ஊர் உச்சரிப்பில் இருக்காது. 'ழ' வருகிற இடத்தில் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். மூன்று பேர் என்கிறீர்கள், மூன்று பேர் போதுமே. மைக்கை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்காமல் மூவரையும் ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்துங்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிற பிள்ளைகளைப் பதிந்து வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஒத்திகைக்கு.

கீபோர்டு வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. சில கீ சத்தமே தருவதில்லை, சில கீ மெதுவாகத் தொட்டாலும் கத்துகிறது. உப்புக்காற்றா?
— தேவிபட்டினம் வாசகர்

உப்புக்காற்றேதான். உங்கள் வீட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை, ஆனாலும் சொல்வேன். ஒவ்வொரு கீக்கும் அடியில் ரப்பர் குமிழில் இரண்டு கரித் தொடுபுள்ளிகள் இருக்கும். ஒன்று முதலில் தொடும், அடுத்தது ஒரு நொடிப்பு கழித்துத் தொடும். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை வைத்துத்தான் நீங்கள் மெதுவாகத் தொட்டீர்களா ஓங்கி அடித்தீர்களா என்று பெட்டி கணக்குப் பண்ணுகிறது. ஒரு புள்ளியில் உப்பும் ஈரமும் படிந்தால் கணக்குத் தப்பும். ஒன்று ஊமையாகும் அல்லது கத்தும். குரல் சாம்பிள் வைத்திருக்கிற கீயில் இது நடந்தால் அசிங்கமாக இருக்கும்.

திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு பெட்டி போன மாதம் என்னிடம் வந்தது. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தி வேட்டி போதும். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து உறைக்குள் போடுங்கள்.

டிரான்ஸ்போஸ் (மொத்தக் கீபோர்டின் சுருதியையும் ஏற்றி இறக்குவது) போட்டால் சாம்பிள் குரலும் சேர்ந்து மாறுமா?
— தொண்டி வாசகர்

சில பெட்டிகளில் மாறும், சிலவற்றில் மாறாது. மேடை ஏறுமுன் வீட்டில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போனேன்.

கடலோரக் கிராமம் ஒன்றில் முளைக்கொட்டு. அம்மன் பாட்டில் பல்லவி முடிகிற இடத்துக்கென்று என் அத்தைமார் நான்கு பேர் போட்ட குலவையை ஏற்றி வைத்திருந்தேன். அன்றைக்குப் பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மூன்று கீ இறக்கிக் கொடுத்தேன். பல்லவி முடிந்தது, கீயை அழுத்தினேன். குலவையும் மூன்று கீ இறங்கி, நாக்குச் சோம்பலாகப் புரண்டு, நான்கு கிழவர்கள் ஏப்பம் விடுகிற மாதிரி பெரிய ஸ்பீக்கரில் வந்தது. ரிதம் பேட் வாசித்தவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்.

முன்வரிசையில் முளைப்பாரியோடு உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். அடுத்த பல்லவி முடிகிற இடத்தில் நான் கையைத் தூக்குமுன் அவர்களே போட்டார்கள், முப்பது நாற்பது பேர் ஒன்றாக. விடியும்வரை அந்தக் கீயை நான் தொடவே இல்லை.